சிங்கப்பூரில் வீட்டோடு தங்கிப் பராமரிப்பு வேலை: வேலை அனுமதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சுமார் 3 லட்சம் வெளிநாட்டுப் பெண்கள் வீடுகளில் தங்கி வேலை பார்க்கிறார்கள். அரசாங்கத் தாள்களில் எல்லாருக்கும் ஒரே பெயர்தான், இல்லப் பணிப்பெண். ஆனால் அவர்களில் பலர் பொழுதெல்லாம் செய்வது, படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டியைப் புரட்டிப் படுக்க வைப்பதும், நினைவு தப்பிய ஒரு தாத்தாவோடு பேச்சுக் கொடுப்பதும், நேரத்துக்கு மாத்திரை தருவதும்தான். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் முதியவர் இருந்தால், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஒரு பெண் கிடைப்பாரா என்றுதான் குடும்பங்கள் முதலில் தேடுகின்றன.

வர நினைக்கும் பெண்களும், அவர்களை அனுப்பும் வீட்டாரும், இங்கே ஆள் வைக்க நினைக்கும் குடும்பங்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வெள்ளி என்று வரும் இடமெல்லாம் சிங்கப்பூர் டாலர். தொகைகளை அரசு அவ்வப்போது மாற்றும்; கையெழுத்துப் போடும் முன் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலை அனுமதி என்றால் சரியாக என்ன?

ஒரு குறிப்பிட்ட முதலாளிக்காக, அவர் பதிவு செய்த முகவரியில் தங்கி, வீட்டு வேலையும் பராமரிப்பும் செய்ய மனிதவள அமைச்சு தரும் அனுமதி. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 2 ஆண்டு; அப்புறம் புதுப்பிக்கலாம். வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தின் கீழ் இது வருகிறது. அலுவலக ஊழியர்களுக்கும் கடைத் தொழிலாளர்களுக்கும் உள்ள வேலை நியமனச் சட்டம் இல்லப் பணிப்பெண்களுக்குப் பொருந்தாது. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டமும் அப்படித்தான். அவற்றுக்குப் பதிலாகக் காப்புறுதியும், அனுமதியோடு சேர்த்து முதலாளிமீது வைத்திருக்கும் நிபந்தனைகளும் உள்ளன.

ஒன்றை முதலிலேயே மனதில் பதியவையுங்கள். சீட்டில் இருப்பது உங்கள் பெயர். ஆனால் அதற்கு விண்ணப்பிப்பவரும் அதை ரத்துசெய்யக் கூடியவரும் முதலாளி. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் முளைக்கின்றன. உங்களுக்கு எதிலெல்லாம் முதலாளியின் தயவு வேண்டும், எதிலெல்லாம் வேண்டாம் என்று பிரித்துத் தெரிந்துகொண்டு வருகிற பெண் அத்தனை சுலபமாக ஏமாறமாட்டார்.

யார் வரலாம்?

பெண்ணாக இருக்கவேண்டும். முதல்முறை விண்ணப்பிக்கும்போது வயது 23-க்குக் குறையாமலும் 50 நிறையாமலும் இருக்கவேண்டும். ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள் 60 வயது வரை தொடரலாம். குறைந்தது 8 ஆண்டுப் பள்ளிப்படிப்பும் அதற்குச் சான்றிதழும் தேவை. அங்கீகரிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இருக்கின்றன; மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார், பங்களாதேஷ் போன்றவையும் இருக்கின்றன.

வயதையோ படிப்பையோ கூட்டிக் குறைத்து எழுத ஒரு ஏஜென்ட் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பொய் வெளியே வந்தால் அனுமதி போகும், மறுபடி வரும் வழியும் அடைபடும். ஏஜென்டுக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

ஆண்கள் இந்த அனுமதியில் வரமுடியாது. முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் பராமரிப்பு உதவியாளராக வருவது வேறு வகை அனுமதி. அங்கே விண்ணப்பிப்பது நிறுவனம்.

எங்கள் சொந்தக்காரப் பெண்ணையே அழைத்துவந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா?

இது தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்பது. முடியாது. பணிப்பெண் முதலாளிக்கு உறவினராக இருக்கக்கூடாது என்பது விதி. சித்தி மகளைச் சுற்றுலா விசாவில் வரவைத்து, "சும்மா கூட இருக்கட்டும்" என்று சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதும் தப்பு. அனுமதி இல்லாமல் வெளிநாட்டவரை வேலைக்கு வைப்பவருக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வேலை செய்தவருக்கும் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. பாசத்தில் செய்த காரியம் அந்தப் பெண்ணின் தலையில் குற்றப்பதிவாக விடியும்.

சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

வேண்டாம். சரியான வழி இதுதான்: முதலாளியோ முகவர் நிறுவனமோ இங்கிருந்து விண்ணப்பிக்கவேண்டும். அமைச்சு முதலில் கொள்கையளவு ஒப்புதல் கடிதம் ஒன்றைத் தரும். எல்லாரும் ஐபிஏ கடிதம் என்று சொல்வது இதைத்தான். அது கையில் வந்த பிறகுதான் டிக்கெட். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் குடிநுழைவைக் கடக்கிறீர்கள்.

ஐபிஏ கடிதத்தில் என்ன பார்க்கவேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அந்தக் கடிதத்தில் முதலாளி யார், மாதச் சம்பளம் எவ்வளவு, முகவருக்கு நீங்கள் கொடுக்கவேண்டியது எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை ஓய்வு நாள் என்பதெல்லாம் இருக்கும். உங்கள் மொழியிலும் அது கிடைக்கும். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்னாலேயே அதன் நகலை உங்களுக்குத் தரவேண்டும். "விமான நிலையத்தில் தருகிறோம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விமான நிலையத்தில் அதைப் படித்து, வேண்டாம் என்று திரும்பி வீட்டுக்கு நடக்கிற துணிச்சல் கடன் வாங்கிக் கிளம்பிய யாருக்கும் இருக்காது. அது தெரிந்துதான் அங்கே வைத்துத் தருகிறார்கள்.

ஊரில் வாயால் சொன்ன சம்பளமும் கடிதத்தில் உள்ள சம்பளமும் ஒன்றா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான் இங்கே செல்லும். "அங்கே போனால் மேடம் கூட்டித் தருவார்" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. நல்ல செய்தி, கடிதத்தில் எழுதிய தொகைக்குக் குறைவாகக் கொடுக்க முதலாளிக்கு உரிமை கிடையாது.

அந்தக் கடிதத்தைப் படம்பிடித்து உங்கள் கைப்பேசியில் வையுங்கள். ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்புங்கள். பின்னால் ஒரு சம்பளத் தகராறு வந்தால் முதலில் கேட்கப்படும் தாள் அதுதான்.

கடிதத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. வீட்டில் பராமரிக்கவேண்டியவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை அது விரிவாகச் சொல்லாது. அதை நீங்கள்தான் கேட்கவேண்டும். எழுந்து நடப்பாரா? எடை எவ்வளவு? குழாய் வழியாக உணவா? இரவில் எத்தனை முறை விழிப்பார்? தூக்கிவிட இன்னொரு ஆள் வீட்டில் இருக்கிறாரா? காணொளி அழைப்பில் முதலாளியோடு பேசும்போது இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல குடும்பம் இப்படிக் கேட்கிற பெண்ணைத்தான் விரும்பும்.

ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும்?

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர் நிறுவனம் உங்களிடம் வாங்கக்கூடியது, ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் மொத்தம் 2 மாதச் சம்பளத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் 6 மாதத்துக்குள் முதலாளி உங்களை வேலையிலிருந்து நீக்கினால், வாங்கிய கட்டணத்தில் குறைந்தது பாதியை நிறுவனம் உங்களுக்குத் திருப்பித் தரவேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், ஊரில் உள்ள ஏஜென்டின் கணக்கு சிங்கப்பூர்ச் சட்டத்துக்குள் வராது. அங்கே ஏறும் கடன்தான் பல பெண்களைக் கட்டிப்போடுகிறது. அதனால் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். 1978-இலிருந்து இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் சென்னையில் விசாரிக்கலாம். இலங்கையில் இருப்பவர்கள் கிளம்பும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யவேண்டும். அவர்களின் அழைப்பு எண் 1989. பதிவில்லாமல் போனால் பின்னால் ஒரு சிக்கலில் தூதரகம் உதவ நினைத்தாலும் கைக்குத் தாள் இருக்காது.

ஒன்றை முதலாளிகளுக்கும் சொல்லவேண்டும். வேலை தருவதற்காகவோ புதுப்பிப்பதற்காகவோ பணிப்பெண்ணிடம் பணம் வாங்குவது குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை.

முதலாளி செலுத்தும் தொகைகள் என்னென்ன? அதில் எதையாவது என் சம்பளத்தில் பிடிக்கலாமா?

பிடிக்கக்கூடாது. பணிப்பெண் வைத்திருப்பதற்காக அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை முதலாளியுடையது. வழக்கமான தொகை 300 வெள்ளி, இரண்டாவது பணிப்பெண்ணுக்கு 450. வீட்டில் 67 வயதோ அதற்கு மேலோ ஆன முதியவரோ, 16 வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடிமகனான பிள்ளையோ, உடற்குறையுள்ளவரோ இருந்து தகுதி பெற்றால் சலுகைத் தீர்வை 60 வெள்ளி. அப்புறம் 5,000 வெள்ளிப் பிணைப்பத்திரம் (விதிகளை மீறினால் அரசு எடுத்துக்கொள்ளும் உத்தரவாதத் தொகை; மலேசியர்களுக்கு இது இல்லை), மருத்துவக் காப்புறுதி, விபத்துக் காப்புறுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, வந்ததும் போகும் அறிமுக வகுப்பு, வேலை முடிந்து ஊர் திரும்பும் விமானச் சீட்டு. எல்லாமே அவர்கள் செலவு.

"நீ ஓடிப்போனால் என் 5,000 வெள்ளி போய்விடும்" என்று சொல்லி வெளியே விடாமல் பூட்டிவைக்கும் வீடுகள் உண்டு. இந்தப் பயம் அளவுக்கு மீறியது. பணிப்பெண் தன் நிபந்தனையைத் தானே மீறினால், முதலாளி அவருக்கு நிபந்தனைகளை முன்பே சொல்லியிருந்து, மீறியது தெரிந்ததும் தெரிவித்திருந்தால், அதற்காக முதலாளியைப் பொறுப்பாக்குவதில்லை. பணிப்பெண் காணாமல் போனால்கூட, முதலாளி தேடிப் பார்த்துக் காவல்துறையில் புகார் செய்திருந்தால் பாதித் தொகைதான் போகும்.

வந்து இறங்கியதும் என்ன நடக்கும்?

முதல்முறை வருபவர்கள், ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக 3 நாளுக்குள் ஒருநாள் அறிமுக வகுப்புக்குப் போகவேண்டும். மாடி வீட்டில் ஜன்னல் துடைப்பது எப்படி, சம்பளத்தில் தப்பு நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் சொல்லித்தருவார்கள். தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்தாலும் அங்கே தரும் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். 2 வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை. பிறகு அனுமதி வழங்கப்படும். அட்டை உங்களிடம் இருக்கவேண்டும்.

முதல்முறை ஆள் வைக்கும் முதலாளிக்கும் ஒரு வகுப்பு உண்டு. சுமார் 3 மணி நேரம், விண்ணப்பிக்கும் முன்பே முடித்திருக்கவேண்டும்.

பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுக்கவேண்டுமா?

வேண்டாம். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது சிங்கப்பூரில் குற்றம். "பத்திரமாக இருக்கட்டுமே" என்று கேட்டால், "நானே வைத்துக்கொள்கிறேன் மேடம்" என்று சொல்லலாம். நீங்களாகவே விரும்பிக் கொடுத்திருந்தாலும், கேட்டதும் திரும்பத் தரவேண்டும்.

சம்பளம் எப்படி வரவேண்டும்? முதலாளி "சேர்த்துவைத்துத் தருகிறேன்" என்கிறார்.

மாதாமாதம் வரவேண்டும், மாதம் முடிந்து 7 நாளுக்குள். 2019 முதல் பணிப்பெண்ணின் பணத்தை முதலாளி கையில் வைத்துக்கொள்வதற்கே தடை. நீங்கள் கேட்டால் வங்கிக் கணக்கில் போடவேண்டும். கேளுங்கள். ரொக்கமாக வாங்கிக் கையெழுத்துப் போட்ட தாளைவிட வங்கிப் பதிவு பேசுவதற்கு எளிது. வாங்காத சம்பளத்துக்கு எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சிங்கப்பூரில் பணிப்பெண்களுக்கென்று அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் இல்லை. அதனால்தான் முதலில் ஒத்துக்கொள்ளும் தொகை முக்கியம்.

ஓய்வு நாள் கேட்டால் "பாட்டியை யார் பார்ப்பது" என்கிறார்கள்.

வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள் உங்கள் உரிமை. அன்று வேலை செய்ய நீங்கள் சம்மதித்தால், மாதச் சம்பளத்துக்கு மேல் ஒருநாள் கூலி தரவேண்டும், அல்லது அதே மாதத்தில் வேறொரு நாள் விடவேண்டும். ஒருநாள் கூலியை மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துக் கணக்கிடுவார்கள். 650 வெள்ளி சம்பளம் என்றால் 25 வெள்ளி. ஆனால் 2023 ஜனவரி 1 முதல், மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்டவே முடியாது. நீங்களே "பணம் போதும்" என்றாலும் அந்த ஒருநாள் விட்டே ஆகவேண்டும்.

பராமரிப்பு வீடுகளில் இது நிஜமாகவே கஷ்டமான இடம். பாட்டியைத் தனியாக விடமுடியாது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு வழி தேடவேண்டியது குடும்பம். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளலாம். மணிக்கணக்கில் ஆள் அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன. வீட்டுச் சேவைத் திட்டத்தின் கீழ் இயங்கும் சில நிறுவனங்கள் 2023 முதல் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் எளிய வேலைகளையும் செய்கின்றன. பெற்ற பிள்ளைகளால் ஒருநாள்கூடப் பார்த்துக்கொள்ள முடியாத அளவுக்குக் கடினம் என்று அவர்களே நினைக்கும் வேலையை, ஒரே ஆள் ஓய்வில்லாமல் செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஒருநாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம்?

சட்டம் மணிக்கணக்கு எதுவும் சொல்லவில்லை. "போதுமான ஓய்வு" என்று மட்டும் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த விதிகளில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான். சமையல் வேலை இரவு ஒன்பது மணிக்கு முடியும். நினைவிழப்பு நோய் உள்ள ஒருவரின் இரவு முடிவதில்லை. இரண்டு மணிக்கு எழுந்து கதவைத் திறக்கப் பார்ப்பார், நான்கு மணிக்குப் பசிக்கிறது என்பார். காலை ஆறு மணிக்கு வீடு விழித்ததும், இரவெல்லாம் விழித்திருந்த அதே பெண்தான் காப்பியும் போடவேண்டும்.

எனவே இரவு வேலையைப் பற்றி வேலையின் தொடக்கத்திலேயே வெளிப்படையாகப் பேசுங்கள். இரவில் எழவேண்டியிருந்தால் பகலில் எத்தனை மணிக்குத் தூங்கலாம் என்று கேட்டு முடிவுசெய்யுங்கள். முடிந்தால் ஒரு சின்ன நோட்டில் இரவு எழுந்த நேரங்களைக் குறித்துவையுங்கள். மருத்துவரிடம் காட்டவும் அது பயன்படும். பல வீடுகளில் அந்தக் குறிப்பைப் பார்த்த பிறகுதான் முதலாளிக்கே நிலைமை புரிகிறது.

தங்குமிடத்துக்கும் விதி இருக்கிறது: மெத்தை, தலையணை, போர்வை, காற்றோட்டம், உடைமாற்ற மறைவு, மூன்று வேளை உணவு. வயதுவந்த ஆணோ பதின்வயதுப் பையனோ தூங்கும் அறையில் உங்களைப் படுக்க வைக்கக்கூடாது. இரவில் தாத்தா பக்கத்திலேயே படுக்கச் சொன்னால் இந்த விதியை எடுத்துச் சொல்லுங்கள். கண்காணிப்புக் கேமரா இருந்தால் உங்களிடம் சொல்லவேண்டும். நீங்கள் தூங்கும், உடைமாற்றும், குளிக்கும் இடங்களில் வைக்கக்கூடாது.

மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது.

தெரியாது என்று சொல்லுங்கள். முதியவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன் தாதியர் பராமரிப்பவருக்குச் செய்துகாட்டிச் சொல்லித்தருவார்கள். உங்களையும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். பராமரிப்பாளர் பயிற்சிக்கு அரசு மானியமும் இருக்கிறது. ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பில் குடும்பத்தினர் விசாரிக்கலாம். பயிற்சி இல்லாமல் செய்து ஏதாவது ஆனால் முதலில் விரல் நீள்வது உங்கள் பக்கம்தான். கற்றுக்கொண்டால் அடுத்த ஒப்பந்தத்தில் கூடுதல் சம்பளம் கேட்க அதுவே காரணமாகும்.

வாரத்தில் இரண்டு நாள் முதலாளியின் அக்கா வீட்டுக்கும் போகச் சொல்கிறார்கள். சரியா?

பொதுவாகச் சரியில்லை. பதிவு செய்த முகவரியில்தான் வேலை. முதலாளியின் கடையில் பாத்திரம் கழுவுவது, நண்பர் வீட்டைத் துடைப்பது எல்லாம் சட்டவிரோதம். முதலாளிக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் வரலாம்.

ஒரு விலக்கு உண்டு. முதலாளியின் குழந்தையையோ வயதான பெற்றோரையோ நெருங்கிய உறவினர் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டியிருந்தால், உங்கள் சம்மதத்தோடு அமைச்சுக்குத் தெரிவித்துச் செய்யலாம். அப்போதும் இரண்டு வீட்டின் முழு வேலையையும் உங்கள் தலையில் கட்டக்கூடாது.

ஓய்வு நாளில் நீங்களாக வேறு வீட்டில் வேலை செய்து சம்பாதிப்பதும் கூடாது. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் "ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாங்க" என்று கூப்பிடுவார்கள். போனால் ஆபத்து உங்களுக்குத்தான்.

உயரமான மாடியில் ஜன்னலின் வெளிப்பக்கம் துடைக்கச் சொன்னால்?

ஜன்னலில் கம்பி பொருத்திப் பூட்டியிருக்கவேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். பணிப்பெண்கள் விழுந்து இறந்த பிறகு 2012-இல் வந்த விதி இது.

எனக்கு உடம்பு சரியில்லாமல் போனால்?

மருத்துவச் செலவு முழுவதும் முதலாளியுடையது, மருத்துவமனையில் தங்கினாலும்கூட. 2023 ஜூலை முதல் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு இருக்கவேண்டும். அதில் முதலாளி ஒரு பங்கைக் கட்டவேண்டி வரலாம். அதை உங்களிடம் கேட்கக்கூடாது. தனிநபர் விபத்துக் காப்புறுதியும் 60,000 வெள்ளிக்குக் குறையக்கூடாது. முதியவரைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டால், தைலம் தேய்த்துக்கொண்டு கிடக்காமல் அன்றே மருத்துவரிடம் போய்ப் பதிவாக்குங்கள்.

ஆறு மாதப் பரிசோதனை எதற்கு?

தொற்றுநோய், கர்ப்பம் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்ட் முதல் உடல் எடையையும், சந்தேகப்படும்படியான காயங்கள் இருக்கின்றனவா என்பதையும் மருத்துவர் கவனிக்கவேண்டும். அதற்குப் பின்னால் ஒரு கொடுமை இருக்கிறது. மியன்மாரிலிருந்து வந்த 24 வயதுப் பெண் ஒருவர், பட்டினியும் அடியும் தாங்காமல் 2016-இல் ஒரு வீட்டில் இறந்தார். அப்போது அவர் எடை 24 கிலோ. அவரை வேலைக்கு வைத்திருந்த பெண்ணுக்கு 2021-இல் 30 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பணிப்பெண்களைத் துன்புறுத்துவோருக்கு வழக்கமான தண்டனையைப்போல இருமடங்கு வரை விதிக்கச் சட்டம் 2020 முதல் இடம் தருகிறது.

மருத்துவரிடம் "உங்களோடு தனியாகப் பேசவேண்டும்" என்று கேட்கலாம். மேடம் வெளியே காத்திருக்கட்டும். அந்தச் சில நிமிடங்கள், வீட்டைவிட்டு வெளியே வராத ஒரு பெண்ணுக்கு வாய்ப்பே அதுதான்.

கர்ப்பமானால், இங்கே யாரையாவது திருமணம் செய்ய நினைத்தால்?

இந்த அனுமதியில் இருக்கும்போது கர்ப்பமானாலோ இங்கே பிள்ளை பெற்றாலோ அனுமதி ரத்தாகி ஊர் திரும்பவேண்டியிருக்கும். சிங்கப்பூர்க் குடிமகனையோ நிரந்தரவாசியையோ திருமணம் செய்ய அமைச்சின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். அனுமதி முடிந்து ஊருக்குப் போன பிறகு செய்தாலும்கூட. ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குள் இவ்வளவு தூரம் நுழையும் விதி கடுமையானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் தெரியாமல் வந்து மாட்டிக்கொள்வதைவிடத் தெரிந்து வருவது மேல்.

வீடு ஒத்துவரவில்லை. வேறு முதலாளிக்கு மாறலாமா?

மாறலாம், ஆனால் வழக்கமாக இப்போதைய முதலாளியின் சம்மதம் வேண்டும். புது முதலாளி விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகே மாறவேண்டும். கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் உங்களைக் காணவில்லை என்று முதலாளி புகார் செய்வார், அனுமதி ரத்தாகும். ஒத்துவராததற்கும் கொடுமைக்கும் வித்தியாசம் உண்டு. சமையல் பிடிக்கவில்லை, மாமியார் கத்துகிறார் என்றால் முகவரைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசுங்கள். அடி, பட்டினி, சம்பளம் தராமை, தகாத தொடுகை என்றால் சம்மதத்துக்குக் காத்திருக்கவேண்டாம். வெளியே வந்து நேராக அமைச்சுக்கோ காவல்துறைக்கோ தூதரகத்துக்கோ போங்கள். விசாரணை நடக்கும்வரை சிறப்பு அனுமதியில் இங்கேயே தங்கலாம். புகார் நியாயமானது என்றால் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே மாற அமைச்சு அனுமதிப்பதும் உண்டு.

யாரைக் கூப்பிடுவது?

அடிதடி, உயிராபத்து என்றால் காவல்துறை 999. மனிதவள அமைச்சின் பணிப்பெண்களுக்கான எண் 1800 339 5505. சிங்கப்பூர்த் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் (என்டியுசி) 2016-இல் தொடங்கிய வீட்டுப் பணியாளர் நிலையத்தின் 24 மணி நேர எண் 1800 2255 233. புதிதாக வந்தவர்களை இந்த நிலையத்தினர் முதல் சில மாதங்களுக்குள் சந்தித்துப் பேசுவார்கள். அன்று "எல்லாம் நல்லா இருக்கு" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாமல் உள்ளதைச் சொல்லுங்கள். அமைச்சையோ இந்த நிலையத்தையோ சாராத ஹோம், டிடபிள்யூசி2 ஆகிய தொண்டு அமைப்புகளும் உதவுகின்றன.

எண்களைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதித் துணிப்பையில் வையுங்கள். தகராறு வந்ததும் முதலில் பறிபோவது கைப்பேசி.

நான் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி இறந்துவிட்டார். இனி என் அனுமதி என்ன ஆகும்?

முதலாளியாகப் பதிவாகியிருந்தவர் யார் என்பதைப் பொறுத்தது. மகளோ மகனோ முதலாளி என்றால் அனுமதி அப்படியே இருக்கும். குடும்பம் விரும்பினால் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். முதியவருக்காகக் கிடைத்த சலுகைத் தீர்வை மட்டும் போய்விடும். பாட்டியே முதலாளியாகப் பதிவாகியிருந்தால் (பிள்ளைகள் பொறுப்பேற்க, வருமானமில்லாத முதியவர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்க முடியும்), வீட்டில் வேறொருவர் புதிதாக விண்ணப்பித்து உங்களை எடுத்துக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் அனுமதி முடிகிறது.

துக்க வீட்டில் இதைப் பற்றிப் பேச நாக்கு எழாது. ஆண்டுக்கணக்கில் தூக்கிப் புரட்டிக் குளிப்பாட்டிய உடம்பு அது. உங்களுக்கும் அது இழப்புதான். ஆனால் காரியங்கள் முடிந்ததும் வீட்டுப் பெரியவரிடம் கேட்டுவிடுங்கள்: என்னை வைத்துக்கொள்வீர்களா, வேறு வீட்டுக்கு மாறச் சம்மதக் கடிதம் தருவீர்களா, அல்லது ஊருக்கு அனுப்புவீர்களா? குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பெண் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். வேறு வேலை தேட அவருக்கு நாட்கள் கொடுங்கள், அவருக்குத் தெரிந்த பராமரிப்பு வேலைகளை எழுதி ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுங்கள்.

ஊர் திரும்பும்போது என்னென்ன கைக்கு வரவேண்டும்?

கடைசி நாள்வரையிலான சம்பளம், ஈடுகட்டாத ஓய்வு நாள்களுக்கான கூலி, உங்கள் ஊருக்கு வசதியாகப் போய்ச்சேரக்கூடிய விமான நிலையம் வரைக்குமான சீட்டு. இலங்கையின் வடக்கிலோ தமிழ்நாட்டின் தெற்கிலோ உள்ளவர்கள் எந்த விமான நிலையம் என்று சீட்டு எடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நியாயமான முன்னறிவிப்பும் தரவேண்டும். நள்ளிரவில் எழுப்பி "காலையில் ஃபிளைட்" என்பது அதில் சேராது. கணக்கு முடியாமல் விமானம் ஏறச் சொன்னால், ஏறும் முன்பே அமைச்சின் எண்ணைக் கூப்பிடுங்கள். விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரியிடம் சொன்னாலும் போதும். ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பணத்தை வாங்குவது மிகவும் கடினம்.